ஒரு கண்ணாடிக்காக போனஸை இழக்கலாமா?

தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடி உடைந்து கிடந்தால், வாட்ச்மேன் முதல் மைத்துனர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்சூரன்ஸ் இருக்குல்ல, கிளைம் போட்டுடுங்க." சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதுபவரும் அதையேதான் சொல்வார். பெரும்பாலான நேரங்களில் இந்த யோசனை தவறு என்பது என் கட்சி. சொல்பவர்களுக்கு உள்நோக்கம் இருக்க வேண்டியதில்லை. கிளைமுக்கு நாம் கொடுக்கும் விலை அன்றைய பில்லில் வராது என்பதுதான் சிக்கல். அது அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்கும்போது வரும். அதற்கடுத்த ஆண்டும் கொஞ்சம் வரும். அப்போது அந்தத் தொகையை என்றைக்கோ உடைந்த கண்ணாடியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

பாலிசி என்ன தருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தர்டு பார்ட்டி காப்பீட்டை மட்டுமே. அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. அதை மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. ஓன் டேமேஜ் எனப்படும் சொந்தச் சேதப் பகுதியும் சேர்ந்திருந்தால், விபத்து, திருட்டு, கலவரம், வேண்டுமென்றே யாரோ கல்லெறிவது, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு உண்டு. கண்ணாடிக்கு ஒரு தனிச் சலுகையும் இருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் என்றால் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக்கு மட்டும், வண்டி எவ்வளவு பழசானாலும், தேய்மானமே கிடையாது. கட்டாயப் பிடித்தமாக 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். இவ்வளவையும் படித்தவருக்கு, கிளைம் போடாமல் இருப்பதுதான் முட்டாள்தனம் என்று தோன்றினால் வியப்பில்லை.

ஆனால் உடைந்த பொருள் என்ன, அதன் விலை என்ன என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அடிபட்டால் விரிசல் ஓடும், கொட்டிவிடாது. பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி, நன்றாகச் சூடாக்கி சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டஃபன்டு வகை. உள்ளங்கையால் எவ்வளவு தட்டினாலும் தாங்கும். ஓரத்தில் கூர்மையாக ஒன்று விழுந்தால் மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். ஒட்டவோ அடைக்கவோ வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மெக்கானிக் கதவின் உள்பக்கப் பேடைக் கழற்றி, அடியில் போய் விழுந்த துண்டுகளை வேக்குவம் வைத்து எடுத்து, புதுக் கண்ணாடியை ரெகுலேட்டரில் மாட்டி, பீடிங்கில் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். துண்டுகளை ஒழுங்காக எடுக்காமல் மூடிவிட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் சலசலக்கும், புதுக் கண்ணாடியிலும் கீறல் விழும். நிதானமாகச் செய்தாலும் அரை நாளில் முடிகிற வேலை. பரவலாக ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களுக்கு இது சில ஆயிரம் ரூபாய்ச் செலவுதான்.

இனிக் கணக்கு. ஓன் டேமேஜ் பிரீமியத்தில் நோ கிளைம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு. ஓராண்டு கிளைம் இல்லாமல் கழிந்தால் 20 சதவீதம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45. ஐந்து ஆண்டுகள் கழிந்தால் 50. இதில் ஏறுவது மெல்ல மெல்ல, இறங்குவது ஒரே அடியாக. இடையில் ஒரே ஒரு கிளைம் போட்டாலும், அது மூவாயிரம் ரூபாய்க்கா மூன்று லட்சத்துக்கா என்று யாரும் பார்ப்பதில்லை, போனஸ் பூஜ்யம். தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம், கண்ணாடி மாற்றும் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போட்டால் பிடித்தம் போகக் கிடைப்பது 3,000. அடுத்த ஆண்டு 5,000க்குப் பதில் 10,000 கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டு போனஸ் 20 சதவீதம் என்பதால் 3,000 கூடுதல். பிறகு 2,500, 1,500, 500. கூட்டினால் 12,500, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 14,750 ரூபாய். மூன்றாயிரம் வாங்க ஏறக்குறைய பதினைந்தாயிரம் கொடுக்கிறோம்.

வண்டி பழசாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. குறையும், பிரீமியமும் குறையும், ஆகவே இது மிகைக் கணக்கு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். இடையில் வேறொரு விபத்து நடந்து போனஸ் எப்படியும் போகக்கூடும் என்பதும் நியாயம். அப்படியானால் முதல் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 5,000 ரூபாய், வரியோடு 5,900. கிடைத்ததைப் போல அதுவே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது 20 சதவீதப் படியில் இருப்பவர் கிளைம் போட்டால், அடுத்த ஆண்டு 25 சதவீதத்துக்குப் பதில் பூஜ்யம். அதன்பின் ஒவ்வொரு படியையும் பிந்தித்தான் தொடுவார். அதே பிரீமியத்துக்கு அவருடைய இழப்பு, வேறு கிளைம் வராவிட்டால், வரியோடு 9,440 ரூபாய். போனஸ் இன்னும் தொடங்காத முதலாண்டுக்காரருக்கு மட்டும்தான் கணக்கு ஓரளவு நெருங்கி வருகிறது: அடுத்த ஆண்டு இழப்பு 2,360, ஐந்தாண்டு இழப்பு 5,900. விலை உயர்ந்த கார்களுக்குக் கண்ணாடியும் விலை அதிகமாயிற்றே என்றால், அவற்றின் பிரீமியமும் உயர்ந்தே இருக்கும். இன்னொன்றும் உண்டு. போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்கும்போது சான்றிதழ் பெற்று அதற்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி என்பது பெரிய தொகை. ஓரிரு ஆண்டுகளில் வண்டி மாற்றும் எண்ணம் உள்ளவர் கண்ணாடிக்குக் கிளைம் போடுவது தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வதுதான்.

"வருஷா வருஷம் பணம் கட்டுறோம், ஒரு தடவை வாங்கினா என்ன?" என்ற கேள்விதான் எல்லா மறுப்புகளிலும் வலுவானது, ஏனென்றால் அதில் கணக்கு இல்லை, ஆதங்கம் இருக்கிறது. காப்பீட்டைச் சீட்டுப் பணம் மாதிரி நினைப்பதால் வரும் ஆதங்கம் இது. சீட்டில் கட்டியது என்றாவது கைக்கு வந்தாக வேண்டும். காப்பீட்டில் கட்டியது திரும்ப வராமல் போனால் அது நல்ல ஆண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிக் கிடந்த கார்களின் உரிமையாளர்களுக்கு அந்த பாலிசிதான் கை கொடுக்கக்கூடியதாக இருந்தது. சொந்தப் பணத்தில் தாங்க முடியாத இழப்புக்குத்தான் அடுத்தவர் தோள் வேண்டும். சம்பளத்தில் ஒரு மாதம் கையைக் கடிக்கும், அடுத்த மாதம் மறந்துவிடும் என்கிற செலவுக்கு அது எதற்கு?

தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப், பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர், கவர் எடுத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைப்பதைப் பார்க்கலாம். கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லாதபோது ஜீரோ டெப் அதில் எதைச் சேமித்துத் தரும்? பீடிங் ரப்பருக்கு ஏதோ சில நூறு. ஆனால் ஆண்டுக்கு இத்தனை கிளைம்தான் என்ற வரம்பு பல ஜீரோ டெப் கவர்களில் உண்டு. அதில் ஒன்றைக் கண்ணாடிக்குச் செலவழித்துவிட்டால், பிறகு நிஜமாகவே பம்பர் போகும்போது கை பிசைய வேண்டிவரும். "இதோட சேர்த்து அந்தப் பழைய கீறலையும் அடிச்சுடலாம் சார்" என்று வொர்க்‌ஷாப்பில் ஆசை காட்டுவதும் நடக்கிறது. ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளைம், தனிப் பிடித்தம். வேறொரு நாள் விழுந்த கீறலை இதில் சேர்ப்பது பொய். சர்வேயர் தள்ளிவிட்டால் மிஞ்சுவது கண்ணாடிக்கான அந்தச் சில ஆயிரமும், போன போனஸும். கிளைம் போட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறி, கிளைமே இல்லை என்று எழுதிக் கொடுக்கும் புத்திசாலித்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யலாம். பொய் வெளிப்பட்டால் பெரிய விபத்தின்போது ஓன் டேமேஜ் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். திருட்டு முயற்சியில் கண்ணாடி உடைந்து, உள்ளிருந்த லேப்டாப்பும் போயிருந்தால் இழப்பு பெரிதாயிற்றே, கிளைம் போடலாமே என்பாரும் உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் கார் பாலிசி காருக்கு மட்டுமே; லேப்டாப் அதில் வராது.

ஆகவே கிளைமே போடக் கூடாது என்பதல்ல. அதே மோதலில் கதவும் ஒடுங்கி, டிங்கரிங், பெயின்டிங் என்று பில் ஏறுமானால், ஐந்தாண்டு போனஸ் இழப்பைத் தாண்டும் புள்ளியில் தயங்காமல் போடலாம். அந்தப் பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டாகிவிட்டது என்றால் போனஸ் முன்பே போயாயிற்று. இப்போது கண்ணாடிக்குப் போகப்போவது பிடித்தம் மட்டும்தான். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் கவரை முன்பே வாங்கியிருந்து, அதில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் இது வருமானால் அதுவும் வேறு கதை. மற்றபடி, தனியாக உடைந்த ஒரு பக்கக் கண்ணாடிக்குப் பணத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவதே மேல்.

இங்கே நியாயமான ஒரு கோபம் எழும். கண்ணாடி உடைவது பெரும்பாலும் ஓட்டுநரின் தவறல்ல. யாரோ எறிந்த கல்லுக்கு ஐந்தாண்டுப் போனஸை ஏன் பறிக்க வேண்டும், கண்ணாடிக் கிளைம்களுக்கு விலக்கு அளித்தால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் முன்கண்ணாடிக்குப் பிடித்தமே கூடாது என்று சட்டம் இருக்கிறது. விளைவு, கண்ணாடிக் கடைக்காரர்கள் பரிசுகளைக் காட்டி வண்டிக்காரர்களைப் பிடித்து, கிளைம் உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். அந்தப் பரிசுகளையும் உரிமை மாற்றத்தையும் தடைசெய்ய 2023இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இலவசம் என்று ஆனதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்; அது எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும்.

விலக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தகவல். கிளைம் பதிவாகும் நேரத்தில் வாடிக்கையாளரின் போனஸ் எத்தனை சதவீதம், பிரீமியம் எவ்வளவு என்பதெல்லாம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சர்வேயர் மதிப்பீடு வந்ததும், உங்களுக்குக் கிடைக்கப்போவது இவ்வளவு, அடுத்த ஆண்டு கூடுதலாகக் கட்டப்போவது இவ்வளவு, தொடரலாமா என்று இரண்டு வரியில் காட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அதைக் கட்டாயமாக்கும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட வேண்டும். சிறிய கிளைம்கள் குறைவது நிறுவனங்களுக்கும் லாபம்தானே, பிறகு ஏன் தாமாகச் செய்வதில்லை என்று கேட்டால், இன்சூரன்ஸ் வாங்கி வைத்ததன் பலனை அனுபவிக்கிறோம் என்ற திருப்தியை வாடிக்கையாளரிடமிருந்து பறிக்க விற்பனைப் பிரிவுக்கு மனம் வராது என்பதுதான் என் ஊகம்.

உத்தரவு வரும்வரை வண்டிக்காரர் தாமே செய்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. சின்னச் செலவுக்குக் கிளைம் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டவர், புதுப்பிக்கும்போது வாலன்டரி டிடக்டபிள், அதாவது பிடித்தத்தைத் தாமாகக் கூட்டிக்கொள்ளும் வசதி, பற்றிக் கேட்க வேண்டும். எப்படியும் கேட்கப்போவதில்லை என்று தீர்மானித்த தொகைக்கு பிரீமியம் கட்டுவானேன்? பழைய கட்டணப் பட்டியலின்படி 5,000 ரூபாய் பிடித்தத்தைக் கூடுதலாக ஏற்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் தள்ளுபடி. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விசாரித்துக்கொள்ள வேண்டும். பெரிய விபத்தின்போது அந்த 5,000 கையிலிருந்து போகும் என்பதும் தெரிந்தே இருக்க வேண்டும். முழுத் தள்ளுபடி கிடைத்தால், நான்கு ஆண்டுகள் பெரிய விபத்தில்லாமல் ஓட்டுபவருக்கு 6,000 ரூபாய் மிச்சம். இடையில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தாலும் அதிலேயே மாற்றிக்கொள்ளலாம்.