கேட்டுக்கு வெளியே மூன்று நாள்

என் மாமா லாரி ஓட்டுகிறார். நாமக்கல் பக்கம். பன்னிரண்டு சக்கரம், சொந்த வண்டி, இன்னும் பதினாலு மாச டியூ பாக்கி. நான் பெங்களூரில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் மென்பொருள் கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டினேன். பேர் வேண்டாம். சரக்கு அனுப்புகிறவருக்கு அவருடைய லாரி எங்கே போகிறது என்று திரையில் காட்டுவது எங்கள் பிழைப்பு. ஒருநாள் வேலைக்கு நடுவே மாமாவின் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தேன். (செய்யக்கூடாத காரியம். யாரும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பச்சைப் புள்ளி. பக்கத்தில், பயணம் முடிந்தது, குறித்த நேரத்துக்கு முன்பே என்று இருந்தது. சந்தோஷமாக போன் போட்டேன்.

"என்ன மாமா, இறக்கியாச்சா?"

"எங்கடா மாப்ள. பிவண்டில குடோன் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். ரெண்டு நாளாச்சு. குளிக்கத் தண்ணிகூட இல்ல."

விஷயம் இதுதான். குடோனைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருப்போம். வண்டி வட்டத்துக்குள் வந்தவுடன் பயணம் முடிந்ததாக மென்பொருள் எழுதிக்கொள்ளும். வட்டத்துக்கு வெளியே டீ குடிக்க நின்று ரெண்டு மணி நேரம் ஆனால் சிவப்பு எச்சரிக்கை போகும், டிரைவருக்கு போன் வரும், திட்டு விழும். வட்டத்துக்குள் மூன்று நாள் நின்றால் ஒரு சத்தமும் இல்லை. இதை நிரல் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படித்தான் கேட்டார்கள், அப்படித்தான் கட்டினோம். எங்களுக்குக் காசு கொடுத்தது குடோன்காரர்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் மாமாவின் சரக்கு இறங்கியது. அதனால்தான் அரசும் தனியாரும் தரவைப் பகிர்ந்துகொண்டால் சரக்குப் போக்குவரத்து சீராகிவிடும், எல்லோருக்கும் லாபம் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பகிர்வு என்றால் நீயும் கொடு, நானும் கொடுக்கிறேன் என்று அர்த்தம். இங்கே நடப்பது வேறு.

2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு சேர்த்து யூலிப் என்ற தளத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. வண்டிப் பதிவுக்கான வாகன், ஓட்டுநர் உரிமத்துக்கான சாரதி, சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக், ரயில் சரக்கு, துறைமுகம், கஸ்டம்ஸ் எல்லாம் ஒரே குழாயில். பதிவு செய்துகொண்ட கம்பெனிகள் அந்தக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், சும்மா குறை சொல்லவில்லை. ஆனால் குழாயில் வருவதெல்லாம் அரசாங்கத்தின் கணினிகளில் இருப்பது. அங்கே அது எப்படி வந்தது? மாமா மாதிரி ஆட்கள் வண்டியைப் பதிந்து, லைசென்ஸ் எடுத்து, சாவடி சாவடியாகக் காசு கட்டியதால் வந்தது. தனியார் குடோனின் கேட் பதிவேடு அந்தக் குழாயில் வருவதில்லை. வண்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது, எப்போது உள்ளே விட்டார்கள், எப்போது வெளியே அனுப்பினார்கள் என்ற மூன்று நேரங்கள்தான் நான் கேட்பது. கேட்டால் வியாபார ரகசியம் என்பார்கள். டிரைவரின் போன் எந்த டவரில் இருக்கிறது என்பது மட்டும் ரகசியமில்லையாம். "சம்மதமா? ஒண்ணை அழுத்தவும்" என்று ஒரு அழைப்பு வரும். அழுத்தாவிட்டால் லோடு இல்லை. இதற்குப் பேர் ஒப்புதல்.

அரசு இந்தத் தரவை என்னவாகப் பார்த்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2019-ல் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வாகன், சாரதி தரவுகளை மொத்தமாக வாங்க ஒரு வணிக நிறுவனம் வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் கட்ட வேண்டும். தனியுரிமைச் சிக்கல் வரும் என்று 2020-ல் அதைக் கைவிட்டார்கள். இந்தத் தரவுகளைக் கொடுத்த வகையில் 111 கோடிக்கு மேல் வந்ததாக 2021-ல் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். தரவுக்குச் சொந்தக்காரர் யாருக்காவது அதில் ஒரு டீ வந்ததா?

ஈ-வே பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் பில் வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் என்று அதற்கு ஆயுள் கணக்கு. அதே சமயம் ஃபாஸ்டேக்கும் இதோடு இணைந்துவிட்டதால், வண்டி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று வரி அதிகாரிக்குத் தெரியும். பில் காலாவதியாகி வண்டி மாட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு தண்டம் வரைக்கும் போகலாம், வண்டியும் நிறுத்தப்படும். பில் போட்ட நேரம் இருக்கிறது, சாகும் நேரம் இருக்கிறது. லோடு ஏற்ற, இறக்க வாசலில் காத்துக் கிடந்த நேரத்தை எழுத அதில் ஒரு கட்டம் கிடையாது. ஓடுகிறவனுக்கு மட்டும் கடிகாரம் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று வரும், நியாயமானதுதான். செக்போஸ்ட் காலத்தை மறந்துட்டீங்களா? மறக்கவில்லை. வாளையாரில் நாள்கணக்கில் கிடந்த கதையை மாமாவே நூறு தடவை சொல்லியிருக்கிறார். 2017 ஜூலைக்குப் பிறகு அந்த வரிசை போனது. ரோட்டில் இருந்த காத்திருப்பைத் தரவு குறைத்தது, உண்மை. ஏன் குறைந்தது? அங்கே நிற்கும் லாரிகள் அரசின் கண்ணிலும் செய்தித்தாளிலும் பட்டன. குடோன் வாசலில் நிற்பவை படவில்லை.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று பார்த்தேன். அங்கே போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. லாரி காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டார்கள். காத்திருப்பால் டிரைவர்கள் வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் சம்பாத்தியத்தை இழக்கிறார்கள் என்றும். இதற்கு மேல் ஆராயப் போதிய தரவு இல்லை என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு ஜிபிஎஸ் இருந்தும்! பிறகு லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு வெளியே நூறுக்கு மேல் கப்பல்கள் வரிசை கட்டிய பிறகுதான் 2022-ல் ஃப்ளோ என்ற பகிர்வுத் திட்டம் வந்தது. கப்பல் நின்றால் அவசரம்.

தனியார் தாங்களாகவே பகிர்வார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-ல் டிரேட்லென்ஸ் என்று ஒரு தளம் தொடங்கின. துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கட்டாயம் இல்லாத இடத்தில் பெரிய ஆட்கள் ஒருவருக்கொருவரே தருவதில்லை. மாமாவுக்கா தரப்போகிறார்கள்?

ஆகவே கட்டாயம் வேண்டும். யூலிப் குழாயில் குடிக்கும் எந்தக் கம்பெனியும் தன் கேட்டின் மூன்று நேரங்களை அதே குழாயில் ஊற்ற வேண்டும். சராசரியை ஊர் பார்க்கட்டும், தன் வண்டியின் கணக்கு அந்த வண்டிக்காரருக்குக் கிடைக்கட்டும். ஹால்டிங் காசு கேட்டால் "ப்ரூஃப் இருக்கா?" என்கிறார்கள். ப்ரூஃப் எங்கள் சர்வரில் இருந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு புள்ளி, மூன்று நாளும், ஒரே இடத்தில். எடுத்துக் கொடுக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "கஸ்டமர் டேட்டாப்பா" என்றார்.

மாமா இப்போது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். வந்த நேரம், உள்ளே விட்ட நேரம். போன மாசம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டியிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் போடமாட்டோம்ணே" என்றானாம். மாமா கேட்டுக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்து நோட்டை விரித்துக் காட்டிவிட்டு வந்தாராம்.