சாணைக்கல் இல்லாத பட்டறை

வீட்டுப் பட்டறைக்கு இன்றியமையாத கருவிகள் எவை என்ற கேள்வி வெளிநாடுகளில் வாழும் நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகின்றது. பத்திரிகைத் தொழிலிற் காலங்கழித்தவனிடம் இதைக் கேட்பானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். செய்திக்கு வெளியே எனக்கிருந்த ஒரேயொரு பழக்கம் மரவேலை என்பதை நண்பர்கள் அறிவார்கள். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு மின்கருவியின் பெயரை. எந்த நிறுவனம், எத்தனை வோல்ற் என்று குறித்துக்கொள்ளப் பேனாவும் கையுமாக இருப்பார்கள். நான் சாணைக்கல் என்கிறேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "அது சரி அண்ணை, முக்கியமானதைச் சொல்லுங்கோ" என்பார்கள்.

முக்கியமானதைத்தான் சொன்னேன். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் உளி பெரும்பாலும் கூரான உளி அன்று. தொழிற்சாலை அதற்கு ஒரு சாய்வைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. கடைசிக் கூரை வாங்குபவரே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது தொழில் அறிந்தோர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தெரியாதவர் அதை அப்படியே மரத்தில் வைத்து அடிக்கின்றார். மரம் பிளக்கின்றது, நசிகின்றது. மேலும் பலமாகத் தள்ளுகின்றார்; உளி வழுக்கி மற்றக் கையைப் பதம் பார்க்கின்றது. "எனக்கு இந்த வேலை சரிவராது" என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஓர் இயந்திரம் வாங்கப் புறப்படுகின்றார். கூர்தீட்டத் தெரியாதவரின் இந்தத் தாழ்வுணர்ச்சியை நம்பியே ஒரு பெருவணிகம் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது என்பது என் குற்றச்சாட்டு.

கூர்தீட்டுவது கடினமான வித்தையா? இல்லை. உளியின் தட்டையான பின்புறத்தைக் கல்லில் வைத்து, நுனியோரம் கண்ணாடிபோல் மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். புதிய உளிக்கு இதனை ஒருமுறை செய்தாற் போதும். பிறகு சாய்ந்த பக்கத்தைக் கல்லிற் படியவைத்துத் தேய்த்தால், சிறிது நேரத்தில் பின்புற விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். விளிம்பின் முழு அகலத்துக்கும் பிசிர் வந்துவிட்டால் கூர் வந்துவிட்டது என்பது அடையாளம். பின்புறத்தை ஓரிரு தடவை கல்லில் மெதுவாக இழுத்துப் பிசிரை நீக்கிவிட்டு, பழைய தோற்பட்டி ஒன்றிற் தீட்டினால் வேலை முடிந்தது. சாய்வு 25 பாகை. முதிரை, பாலை போன்ற வைர மரங்களுக்கு நுனியில் மட்டும் 30 பாகை. கல் வாங்க வசதியில்லையா? தடித்த கண்ணாடித் துண்டொன்றின்மேல், வாகனங்களுக்கு வர்ணம் பூசுவோர் நீரில் நனைத்துப் பாவிக்கும் மணற்கடதாசியை விரித்து, 220, 400, 1000 என்ற வரிசையிற் தேய்த்தாலும் அதே கூர் கிடைக்கும். பத்து நிமிடம். இதைக் கற்றுக்கொண்டவருக்கு உளி மட்டுமன்றி, சீவுளி, சமையலறைக் கத்தி, தோட்டக் கத்தரி, தேங்காய் வெட்டும் கத்தி எல்லாமே புதுக் கருவிகளாகிவிடுகின்றன. வேறெந்தக் கருவிக்கு இந்தப் பெருமை உண்டு?

இனி வாளுக்கு வருவோம். இன்று பெரிய கடைகளில் தொங்கும் கைவாள்களின் பற்களைக் கவனித்திருக்கின்றீர்களா? நுனியில் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு நிறம் ஓடியிருக்கும். மின்தூண்டலாற் பற்களை மட்டும் ஒரு கணம் பழுக்கச் சூடாக்கி, உடனே குளிரவைத்ததன் அடையாளம் அது. அந்தப் பற்கள் அரத்துக்கு நிகராகக் கடினமாகிவிடுவதால், அரம் அவற்றின்மேல் வழுக்கிச் செல்லும்; தேய்க்க முடியாது. மழுங்கினால் குப்பைத்தொட்டிதான். பசை கலந்து அழுத்திய பலகைகளை அறுப்பதற்கு அது நீண்டநாள் தாக்குப்பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வாளுக்கு ஒரு முக்கோண அரம் போதும். அரத்தின் மூலையே 60 பாகையாக இருப்பதால், பற்களின் இடைவெளி தானாகவே சரியாக அமைந்துவிடும். ஒரு பல் வலம், ஒரு பல் இடம் என்று சாய்த்துவிட்டால் வாள் மரத்தில் இறுகாது. ஹென்றி டிஸ்ரன் என்பவர் 1840இல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழிற்சாலையின் வாள்களில் நூறு வயதைக் கடந்தவை இன்றும் பழம்பொருட் சந்தைகளிற் கிடைக்கின்றன. வாங்குவோர் அரத்தாற் தீட்டி இன்றும் அறுக்கின்றார்கள். அரத்தின் கூர்மையை உவமையாக்கும் அளவுக்கு அது வள்ளுவருக்குப் பழக்கமான கருவியாக இருந்தது. நமது வீடுகளில் அரம் எங்கே?

மின்கலக் கருவிகளின் கதை இதனிலும் சுவையானது. ஐந்து லித்தியம் கலங்களைத் தொடராக இணைத்தால், கலமொன்றுக்கு 3.6 வோல்ற் வீதம் 18 வோல்ற். முழுதாக மின்னேற்றிய மறுகணம் அளந்தால் 20ஐத் தொடும். டிவோல்ற் நிறுவனம் ஒரே மின்கலத்தை அமெரிக்காவில் 20 என்று விற்கின்றது. ஐரோப்பாவில் 18 என்று விற்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கையில் இரண்டு வோல்ற் கடலில் விழுந்துவிடுகின்றது போலும்! இதைவிட முக்கியமானது மின்கலத்தின் வடிவம். டிவோல்ற், கிராப்ற்ஸ்மன் இரண்டும் ஸ்ரான்லி பிளாக் அன் டெக்கர் என்ற ஒரே நிறுவனத்தின் உடைமைகள். ஒன்றின் மின்கலம் மற்றதிற் பொருந்தாது. மில்வோக்கியும் றியோபியும் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஒரே குழுமத்திடமிருந்து வருபவை, அவையும் பொருந்தா. உள்ளே இருப்பவை ஒரேவகைக் கலங்கள். வெளியே உள்ள பிளாஸ்ரிக் தவாளிப்பு மட்டுமே வேறு. இதைப் பொறியியல் என்பதா, பூட்டு என்பதா? ஒரு துளையிடு கருவியை வாங்கியவர், அதன் பிறகு வாளையும் விளக்கையும் புல்வெட்டியையும் அதே நிறத்திலேயே வாங்கும்படி கட்டப்பட்டுவிடுகின்றார். மின்கலம் செத்த அன்று புதிய மின்கலத்தின் விலையைக் கேட்டால், கருவியையே புதிதாக வாங்கலாம் என்று கடைக்காரர் புத்திமதி சொல்வார். 1996இல் அறிமுகமான தன் 18 வோல்ற் மின்கலத்தின் பொருத்தத்தை றியோபி இன்றுவரை மாற்றவில்லை என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களாலும் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நான் இயந்திரத்துக்கு எதிரி அல்லன். பிளாக் அன் டெக்கர் 1917இற் காப்புரிமை பெற்ற, கைத்துப்பாக்கிபோற் பிடித்து விசையை அழுத்தும் துளையிடு கருவி மனித மணிக்கட்டுக்குச் செய்த உபகாரம் பெரிது. வீட்டுக்கு ஒன்று வேண்டும். வயர் உள்ளதாக இருக்கட்டும். அதன் காபன் தூரிகை தேய்ந்தால் இரண்டு திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம். மூன்று ஆண்டு அலுமாரியிற் கிடந்தாலும் சொருகியவுடன் சுற்றும்.

மின்கலத்தை நம்பியிருப்பது எத்தகைய நிலை என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. 1990இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ரோர்ச் லைற் மின்கலமும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். அந்த ஆண்டுகளிற் கதவும் கட்டிலும் சவப்பெட்டியும் செய்யப்பட்டது எதனால்? வாளாலும் உளியாலும் சீவுளியாலும்தான். தெற்கிலிருந்தவர்களுக்கு இந்த அனுபவம் 2022 மார்ச் இறுதியில் வந்தது. நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு.

அப்படிப்பட்ட சமூகத்துக்குக் கூர்தீட்டத் தெரியாமற் போனது எங்ஙனம்? இதைச் சொன்னாற் பலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விடுவது முறையன்று. தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களை நாம் பந்தியில் வேறிடத்தில் இருத்தினோம். உளி பிடிப்பது சாதியின் குறி. பேனா பிடிப்பது குடும்பத்தின் கௌரவம். பனஞ்சிலாகை சீவவும் கதவு பொருத்தவும் தச்சரை அழைப்போம். முற்றத்தில் வேலை வாங்குவோம். அவர் தம் சாணைக்கல்லிற் குனிந்து என்ன செய்கின்றார் என்று பக்கத்தில் அமர்ந்து பார்க்கவிடாமற் பிள்ளையை உள்ளே அழைத்துவிடுவோம். கணக்குப் பாடம் இருக்கின்றதல்லவா!

பிறகு கடல் கடந்தோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தச்சருக்குக் கொடுக்கும் மணிக்கூலியைக் கேட்டபோது, உளி பிடிப்பதில் இழிவில்லை என்ற ஞானம் திடீரென்று பிறந்தது. வீட்டின் அடித்தளத்திற் பட்டறைகள் தோன்றின. 150 துண்டுகள் கொண்ட கருவிப்பெட்டிகள் வந்து இறங்கின; அவற்றிற் பாதி திருப்புளி முனைகள், அவையும் இரண்டாம் திருகாணியிலேயே தேய்பவை. வெட்கத்தை விட்டோம், வித்தையை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சிலர், தந்தையிடம் முறையாகத் தொழில் பழகியவர்கள், அதே நகரங்களில் வண்டி ஓட்டுகின்றார்கள், களஞ்சியசாலைகளில் வேலை செய்கின்றார்கள். அயலிலுள்ள தமிழர் உளியை முறிப்பதைக் கண்டும் வாய்திறக்க மாட்டார்கள். "எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் "எந்த ஊர், எந்தப் பகுதி?" என்ற கேள்வி வரும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் இரவுணவு விருந்து வைக்கின்றன. ஒரு சனிக்கிழமை இத்தகையவர் ஒருவரை மேசைத் தலைப்பில் இருத்தி, பிள்ளைகளுக்கு உளி தீட்டக் காட்டும்படி கேட்ட சங்கம் ஏதேனும் இருந்தால் அறியத் தாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பவர்கள், கருவிகளை ஒப்பிடும் காணொளிகளைப் பார்ப்பதிற் செலவிடும் மணித்தியாலங்களை ஒரு வாரம் எண்ணிப் பார்க்கட்டும்.

பட்டியல் கேட்ட நண்பர்களுக்காக: சாணைக்கல், ஆறும் பதினெட்டும் மில்லிமீற்றரில் இரண்டு உளி, ஒரு நடுத்தரச் சீவுளி, ஒரு வாள், அதற்கொரு முக்கோண அரம், சுவரோடு இறுகப் பொருத்திய வேலைமேசையும் வைஸும், வயர் உள்ள துளையிடு கருவி, சுத்தியல், மூலைமட்டம். திருப்புளியில் நான்கு போதும், முனை திருகாணியின் வாய்க்குச் சரியாகப் பொருந்துமானால். கனடா வாசகர்களுக்கு அங்கே பிறந்த றொபேட்சன் சதுரத் தலைத் திருகாணி வாய்த்திருக்கின்றது. சிவப்புப் பிடியுடைய இரண்டாம் இலக்கத்தை முதலில் வாங்குங்கள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு வரையுங்கள். பின்னர் மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு வரையுங்கள். இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். வாளின் பற்களையும் வெளிச்சத்திற் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால், தீட்டக்கூடிய வாள் இருக்கின்றதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள்.