38 புள்ளி எடுத்த பிள்ளையும் ஒரு பிஸ்கட் டின்னும்

கொஞ்சம் நீளமான பதிவு. 10, 11ஆம் ஆண்டில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோராவது கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு மாணவனின் வாப்பா என்னிடம் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். "சேர், படிக்கச் சொன்னா இதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கான். நீங்களே உடைச்சுப் போடுங்க, அப்பதான் புத்தி வரும்" என்றார். தவணைப் பரீட்சையில் அவனுக்கு விஞ்ஞானம் 38. அந்தப் புள்ளியைப் போட்டவன் நான்தான்.

டின்னைத் திறந்து பார்த்தேன். மூடியில் காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்று, பக்கங்களில் நான்கு ஜேக், ஒரு சின்ன சிவப்பு லைட். பையனைக் கூப்பிட்டு இது என்னடா என்று கேட்டேன்.

அவனுடைய மாமி மகன் கிட்டார் வாசிக்கிறவர். கிட்டாருக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவில் சத்தத்தை மாற்ற ஒரு பழைய பெடல் வைத்திருக்கிறார். அதை நிறுத்தி வைத்தாலும் கிட்டார் சத்தம் மங்கலாகவே வருகிறதாம். காரணத்தை இவனே கண்டுபிடித்திருக்கிறான். அந்தப் பெடலின் சுவிட்ச் வெளியே போகும் பக்கத்தை மட்டும்தான் மாற்றுகிறது. உள்ளே வரும் பக்கம் எப்போதும் சுற்றோடு ஒட்டியே இருக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் சைகை மிகச் சிறியது, அதில் ஒரு பங்கைப் பெடல் இழுத்துக்கொள்கிறது. கூர்மையான ஒலிதான் முதலில் போகும்.

அதற்கு இவன் செய்த வைத்தியம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெனரேட்டர் இருக்கும் வீட்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் லைன் கரண்ட், மறுபக்கம் ஜெனரேட்டர், இரண்டும் சந்திக்காது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது அதன் அருமை ஊருக்கே தெரிந்தது. இந்தக் கால் சுவிட்சும் அதே வேலைதான். ஒன்பது கால், மூன்று வரிசை. முதல் வரிசையின் நடுக்காலில் கிட்டார், இரண்டாவதன் நடுக்காலில் அம்ப்ளிபயர். ஒரு மிதியில் கிட்டார் பெடலுக்குள் போய்த் திரும்பி வருகிறது. மறுமிதியில் இரண்டு கால்களை இணைத்த ஒரு துண்டு வயர் வழியாக நேரே அம்ப்ளிபயருக்குப் போகிறது. பெடல் இரண்டு பக்கமும் கழன்றுவிடுகிறது. மூன்றாவது வரிசை லைட்டுக்கு. 9 வோல்ட் பற்றரி, 4.7 கிலோ ஓம் தடையி, ஒன்றரை மில்லி அம்பியர் அளவுதான் ஓடும். பற்றரி செத்தால் லைட் மட்டும் அணையும், சத்தம் நிற்காது.

முதலில் பிளாஸ்டிக் சோத்துப் பெட்டியில் செய்தானாம். இரைச்சல் தாங்க முடியவில்லை. பிறகு தகர டின்னுக்கு மாற்றி, டின்னையும் ஜேக்கின் தரை வயரோடு சேர்த்தான். இரைச்சல் அடங்கியது. சோல்டரிங் அயனை அதிக நேரம் பிடித்து ஒரு சுவிட்சின் கால்களை இளக வைத்தான். இரண்டாவதில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு, மூன்று விநாடி என்று கணக்கு வைத்தான்.

மின்காப்பு, தடை, ஓமின் விதி எல்லாம் அந்த டின்னுக்குள் இருக்கிறது. அதே அலகில் நான் அவனுக்கு 38 போட்டேன். எழுதத் தெரியாததைத்தான் நான் அளந்திருக்கிறேன், தெரிந்ததை அளக்கவில்லை. கரும்பலகையில் சுவிட்சை எத்தனையோ வருடமாக வரைகிறேன், ஒன்றைக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததில்லை. இது என் குற்றம்.

அதைவிட என்னை உலுக்கியது அவன் கேட்ட கேள்வி. "சேர், இந்த டின் போட்ட பிறகும் வயர நீளமாக்கினா திரும்ப மங்குது, ஏன்?" அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். காப்பிட்ட வயரே ஒரு கொள்ளளவி. மீற்றருக்கு ஏறக்குறைய 100 பிக்கோபரட். நீளம் கூடக் கூடக் கூர்மையான ஒலி தரைக்குப் போகும். அதற்கு இந்த டின் மருந்தல்ல, சைகையைத் தாங்கிப் பிடிக்கும் வேறொரு சிறு சுற்று வேண்டும். உயர்தரப் பௌதிகவியல் கேள்வி இது. கேட்டவன் 38 புள்ளிக்காரன்.

"மாஸ்டரே கிட்டார் வேலைக்குத் துணை போறார்" என்று ஒரு பேச்சு அடிபடுவதும் தெரியும். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல. நான் பேசுவது கைத்திறனைப் பற்றி. நோன்பு காலத்தில் நம் பள்ளிவாசல் மைக் இரைந்தபோது, ஜேக்குக்குள் கழன்றிருந்த தரை வயரைப் பற்றவைத்துக் கொடுத்தது இதே கைதான். அன்று யாரும் அவனுடைய புள்ளியைக் கேட்கவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனையும் உட்கார வைத்து, டின்னில் செய்ததை விடைத்தாளில் எழுதப் பழக்குகிறேன். ஆனால் டின்னை உடைத்தால் புள்ளி கூடாது, கேள்வி கேட்கும் வாய்தான் மூடும். ஒரேயொரு கண்டிப்பு: 9 வோல்ட் பற்றரியோடு விளையாடட்டும், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டில் கை வைக்க விடாதீர்கள். அம்ப்ளிபயரைத் திறக்கவே வேண்டாம், வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தேங்கி நிற்கும்.

ஊரவர்களிடம் ஓர் உதவி. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் விஞ்ஞான கூடத்தைத் திறந்து வைக்க அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பழுதான ரேடியோ, பழைய சார்ஜர், பாவிக்காத சோல்டரிங் அயன் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் எனக்குத் தாருங்கள். ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிமார் மாதத்தில் ஒரு நாள் வந்து கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது.

டின்னை நான் உடைக்கவில்லை. வாப்பாவின் கையிலேயே கொடுத்து, மகனிடம் விளக்கம் கேட்கச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் நின்று அரை மணித்தியாலம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

வஸ்ஸலாம்.