ஒப்போலை அடிமைமுறி அன்று!

கனடாவின் தொரன்றோ மாநகரது கீழ்ப்புறநகர் இசுகார்பரோ. 1983-ஆம் ஆண்டின் இனவெறியாட்டத்திற்குப் பின் நாடிழந்து சென்ற ஈழத்தமிழர் பல்லாயிரவர் செறிந்து வாழுமிடம். அவர்தம் ஒப்போலை எக்கட்சிக்கு உரியது?

1988 முதல் தாராளர் கட்சியே வென்றுவந்த தொகுதியொன்றில், 2011-இல் புதிய மக்களாட்சிக் கட்சியின் இராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடா நாடாளுமன்றம் புகுந்த முதல் தமிழரானார். 2015-இல் தாராளர் கட்சியின் கேரி ஆனந்தசங்கரி நாடாளுமன்றம் சென்றார். 2018-இல் பழமைபேணும் கட்சியின் விசய் தணிகாசலம் ஒண்டாரியோ மாகாணமன்றம் சென்றார். பிற இனத்தார் ஒப்போலையும், அவ்வக்கால் வீசிய கட்சிக்காற்றும் இவ்வெற்றிகளுக்குத் துணைநின்றன. எனினும் தமிழரை விலக்கி இங்கு எக்கட்சியும் கணக்கிட இயலாது.

இதனை நிலையின்மை என்பாருளர். அன்று! கட்சிக்கு அடிமையாகா அறிவுடைமை இது. அதனாலன்றோ 2021-இல் தணிகாசலம் கொணர்ந்த தமிழினப் படுகொலை அறிவூட்டுக் கிழமைச் சட்டம் மாகாணமன்றத்தில் நிறைவேறியது! 2022-இல் மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக நாடாளுமன்றமும் எதிர்ப்பின்றி ஏற்றது!

ஆயினும், வேட்பாளர் தமிழர் என்னும் ஒன்றே போதாது. வென்றபின் இனத்திற்குச் செய்ததென்ன என்று கணக்குக் கேட்டல் வேண்டும். கேளாதார் ஒப்போலையை எக்கட்சியும் மதியாது. இசுகார்பரோவில் மட்டுமன்று, தமிழன் ஒப்போலையிடும் இடமெங்கும் இதுவே உண்மை.