மாத்திரை குடுத்தீங்க சரி.. அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் கட்டபெட்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போற ரோடெல்லாம் சந்திக்கிற இடம். சுத்தியும் தேயிலை. பஸ்ஸுக்கு நின்னா பத்து நிமிஷத்துல நாலு பேராவது "எங்க கண்ணு கெளம்பிட்ட?"ன்னு கேட்டுருவாங்க. எல்லாம் அன்புலதான். அந்த அன்புக்குப் பயந்து ஒருத்தன் மருந்தையே விட்ட கதைதான் இது.

என்கூட ஸ்கூல்ல படிச்சவன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். சில வருஷம் முன்னாடி அவனுக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சுது. உடனே ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பிச்சாங்க, பைசா செலவில்லை. மாசாமாசம் வந்து வாங்கிக்கோன்னு சொன்னாங்க. மூணாவது மாசம் வரிசைல நிக்கும்போது பக்கத்து ஹட்டிக்காரர் ஒருத்தர், வேற வேலையா வந்தவர், பார்த்துட்டார். "இங்க என்னடா பண்ற?" அவ்வளவுதான் கேட்டார். நாலாவது மாசம் இவன் போகல. ஏன் வரலைன்னு வீட்டு நம்பருக்கு போன் வந்துச்சு. எடுத்தது அவங்கம்மா. அன்னிக்கு வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளிச்சவன், அடுத்த வாரமே நம்பரை மாத்திட்டான். அப்புறம் டிபி வந்து படுத்தப்போதான் எனக்கே விஷயம் தெரியும்.

யார் மேல தப்பு? மருந்து குடுத்தவங்க மேலயா? அவங்க போன் பண்ணினதே அக்கறைலதான்.

கொஞ்சம் பழைய கதை பார்ப்போம். இந்தியாவுல எச்.ஐ.வி. முதன்முதலா 1986-ல கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னைல. டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி டாக்டர் நிர்மலாவும் செஞ்ச வேலை அது. அப்புறம் பல வருஷம், காசு இருக்கறவனுக்குத்தான் மருந்துங்கற நிலைமை. 2004 ஏப்ரல் 1-ல அரசு இலவசமா ஏ.ஆர்.டி. குடுக்க ஆரம்பிச்சப்போ, முதல்ல தொடங்கின ஆஸ்பத்திரிகள்ல தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. அப்பல்லாம் சிடி4 எண்ணிக்கை நல்லா குறைஞ்சாத்தான் மருந்து. 2017-ல இருந்து, தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் மருந்து. இப்ப டோலுடெகிராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒண்ணு. நிஜமாவே பெரிய சாதனை. நான் அதைக் குறை சொல்லல.

ஆனா நம்ம தொழில்ல ஒண்ணு நல்லாத் தெரியும். யூசர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அவனுக்கு இதுதான் வேணும்னு நாமளே முடிவு பண்ணி ஒரு சாஃப்ட்வேர் எழுதுவோம். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க.

உதாரணத்துக்கு, வீட்டுப் பக்கத்துலயே மருந்து கிடைச்சா நல்லதுன்னு லிங்க் ஏ.ஆர்.டி. மையங்கள் வச்சிருக்காங்க. கூலி போனா அடுப்பெரியாதுங்கற, தோட்டத்துல கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு அது வரப்பிரசாதம். என் நண்பனுக்கு அதுவே தண்டனை. அவன் இப்ப மேட்டுப்பாளையம் இறங்கி கோயமுத்தூர் போய் வாங்கறான், ஒரு நாள் பொழப்பு போகுது. "ஏண்டா இவ்ளோ தூரம்?"னு கேட்டேன். "அங்க என்னை யாருக்கும் தெரியாதுடா.."

இது இவன் ஒருத்தனோட பிரச்சினை இல்ல. ஜாம்பியாவுல சிகிச்சையைப் பாதியில விட்டவங்ககிட்ட, உங்களுக்கு எப்படிப்பட்ட மையம் வேணும்னு கேட்டு ஒரு ஆய்வு 2018-ல வெளியாச்சு. கடுகடுன்னு பேசறவங்களை விட்டு அன்பா பேசறவங்ககிட்ட போக, கூடுதலா 45 கிலோமீட்டர்கூட போகத் தயார்னு கணக்கு வந்துச்சு. பக்கம்ங்கறது கிலோமீட்டர்ல மட்டும் இல்லைங்க.

அதனால, மருந்து ஆரம்பிக்கிற அன்னிக்கே நாலு கேள்வி கேட்டா போதும்னு நான் நினைக்கிறேன்.

1. எந்த ஊர்ல வாங்க விரும்பறீங்க?

2. எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர முடியும்? (புதுசா ஆரம்பிக்கறவங்களை டாக்டர் அடிக்கடி பார்க்கணும், ஒத்துக்கறேன். உடம்பு நிலைப்பட்டப்புறம்? 2020 கொரோனா சமயத்துல ரெண்டு மூணு மாச மருந்தைச் சேர்த்துக் குடுத்தாங்களே. 2009 நவம்பர் மாதிரி மண் சரிஞ்சு ரோடு அடைபடற மலைல இது சொகுசு இல்ல, அவசியம்.)

3. நீங்க வரலைன்னா உங்களை எப்படித் தொடர்பு கொள்ளணும், யார்கிட்ட பேசக் கூடாது?

4. இன்னிக்கே ஆரம்பிக்கலாமா, ரெண்டு நாள் வேணுமா? உலக சுகாதார நிறுவனமே 2017-ல, ஒரு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அவர் தயாரா இருந்தா அன்னிக்கேன்னுதான் சொல்லுச்சு. அந்த 'தயாரா இருந்தா' நடைமுறைல காணாமப் போயிரக் கூடாது.

"கூட்டத்துல இதெல்லாம் கேக்க நேரம் எங்கப்பா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான், கவுன்சிலர்களுக்கு வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. ஆனா அஞ்சு நிமிஷம் கேக்கறது கஷ்டமா, காணாமப் போனவனை எட்டு மாசம் தேடறது கஷ்டமா? "எந்த மருந்துன்னும் நோயாளிதான் முடிவு பண்ணணுமா?" இல்லவே இல்ல. அது டாக்டர் வேலை. எங்க, எப்போ, யாருக்குத் தெரியணும்ங்கறதுதான் அவன் உரிமை. 2017-ல போட்ட எச்.ஐ.வி. சட்டமும் (2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு) அவன் சம்மதம் இல்லாம பரிசோதனையும் கூடாது, சிகிச்சையும் கூடாது, விஷயத்தை வெளியே சொல்லவும் கூடாதுன்னுதான் சொல்லுது. சம்மதம்னா ஃபார்ம்ல ஒரு கையெழுத்துன்னு சுருங்கிடக் கூடாது.

நண்பன் இப்ப நல்லா இருக்கான். ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிருச்சு. அப்படியே நீடிக்கிற வரைக்கும் உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாதுங்கறதும் நிரூபணமான விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. யாருக்காவது சந்தேகம் கேக்கணும்னா 1097-க்குப் பேசலாம், இலவசம், பேர் சொல்ல வேண்டியதில்ல.

பி.கு: இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி, அவன் சரின்னு சொன்னப்புறம்தான் போடறேன். ரெண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துட்டேன். கேட்டதுக்கு எனக்கு ஆன செலவு ஒரு போன் கால்.