தவறிய தோட்டா எங்கே போகிறது?

2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். அந்த நேரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவனைக் காப்பாற்றப் போராடினார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். சுடும் தளத்துக்கு வெளியே, வீட்டுக்குள் இருந்த பிள்ளை. அந்தச் சம்பவத்துக்கான காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். தோட்டா ஏன் குறி தப்புகிறது, தப்பியது எங்கே போகிறது என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

50 மீட்டரில் நன்றாகச் சுடுபவர் 300 மீட்டரில் சிதறடிப்பார். உடனே துப்பாக்கியைக் குறை சொல்வார். பெரும்பாலும் அந்தப் பிழை 50 மீட்டரிலேயே இருந்ததுதான். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. குழல் ஒரு பாகை விலகினால் 100 மீட்டரில் குறி சுமார் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். 300 மீட்டரில் 5 மீட்டருக்கு மேல், ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டருக்கு மேல்.

வேறு சில பிழைகளோ தூரத்தைவிட வேகமாக வளர்கின்றன. தோட்டா பறக்கும் நேரமெல்லாம் பூமி அதைக் கீழே இழுக்கிறது. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் தோட்டா 100 மீட்டரில் 6, 7 சென்டிமீட்டர்தான் இறங்கும். 300 மீட்டரில் அரை மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் தோட்டாவுக்குத் தோட்டா மருந்து தரும் வேகம் சற்றே மாறினாலும் தூரத்தில் துளைகள் மேலும் கீழுமாக விழும். பக்கவாட்டில் சிதறினால் முதலில் காற்றையும், விசையை இழுக்கும் விரலையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் கானல் அலையும்போது இலக்கே இடம் மாறியதுபோலத் தெரியும். சூடேறிய குழலும் குறியை நகர்த்தும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், குறிபார்க்கும் தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் திருகுகளைச் சோதிக்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் மற்ற எந்தத் திருத்தமும் பலிக்காது. பிறகு ஒரே பெட்டித் தோட்டாக்களில் ஐந்து சுட்டு, துளைகளின் கூட்டத்தைப் பார்த்த பின்பே திருத்த வேண்டும். ஒற்றைத் துளையைத் துரத்தித் திருத்துவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். அது இல்லாத பிழையைச் சரிசெய்து, புதிய பிழையை உண்டாக்கும்.

இவ்வளவும் செய்தாலும் ஏதோ ஒரு தோட்டா தவறும். படைத் துப்பாக்கியின் தோட்டா சற்று மேல்நோக்கிப் போனால் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். உயரமான மண்மேடு அதை விழுங்கிவிடும். கருங்கல்லில் பட்டால் திசை மாறித் தெறிக்கும். நார்த்தாமலையைச் சுற்றிக் கற்குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரு தளத்தைத் திறக்குமுன் சுடுபவரின் திறமையை மட்டும் அளந்தால் போதாது. மேட்டின் உயரத்தை அளக்க வேண்டும். சுடும் திசையில் கிலோமீட்டர் கணக்கில் நடந்துபோய், கடைசி வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.