நெய்தபின் கேட்கும் கேள்வி

காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்துப் போராடினர்; கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினர். அவர்களை வளர்ச்சியின் பகைவர் என இகழ்வோரை நாம் மறுக்கிறோம்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை மக்கள் கருத்துக் கேட்பை விதிக்கிறது. ஆனால், இடம் தெரிவாகி வரைவு அறிக்கையும் எழுதப்பட்ட பின்னரே அக்கூட்டம் வருகிறது. இது சேலையை நெய்து முடித்துவிட்டு, கரை எந்த நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் ஓர் ஏரியின் உபரிநீரே அடுத்த ஏரிக்கு வரத்து. ஒன்றைத் தூர்த்தால் கேடு ஓரூரோடு நில்லாது. மடையும் கலங்கலும் அறிந்த உழவர்களே இதற்கு முதற்சாட்சிகள். அவர்களையோ நாம் கடைசியில் அழைக்கிறோம்!

திட்டம் தீட்டியபின் மதிப்பீட்டைத் தேடலாகாது, தொடக்கத்திலேயே அது இணைய வேண்டும், உள்ளூர் மக்களுக்குச் சிறப்பிடம் வேண்டும் என்பது திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் போதனை.

விமான நிலையமே கூடாது என்பதன்று நம் வாதம். இடத்தைக் குறிக்குமுன் கிராம சபையைக் கேளுங்கள்; அது மறுத்தால், காரணம் காட்டி எழுத்தில் விடை தாருங்கள். இதைக் கேட்பது நீதியேயன்றிச் சலுகையன்று.